ஒரு வாளித் தண்ணீரில் கார் கழுவுதல்: வரட்சிக் காலத்துக்கான முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் முடியும்வரை மழையை நம்பி எதையும் திட்டமிட முடியாது. கச்சான் காற்று காய்ந்த மண்ணை அள்ளி வருகிறது. டச்சு விரிகுடா, உப்புவெளி, நிலாவெளி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்பு ஈரமும் அதனோடு சேர்ந்து வாகனத்தில் படிகிறது. கார் மிக அதிகமாக அழுக்காகும் மாதங்களும் தண்ணீர் மிகக் குறைவாகக் கிடைக்கும் மாதங்களும் ஒன்றாக இருப்பதனால், குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும் பழக்கத்தை விட்டு வேறு முறைக்கு மாறுவதைத் தவிர வழியில்லை.

குழாயால் பீய்ச்சும்போது நீரின் விசையே மணலைப் பெயர்த்துக் கீழே தள்ளுகிறது. அந்த வேலையை இங்கே ஊறும் நேரமும் சுத்தமான துணிகளும் செய்ய வேண்டும். தண்ணீர் குறையும் அளவுக்கு இவ்விரண்டும் கூட வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் தண்ணீரோடு சேர்த்து நேரத்தையும் துணியையும் குறைத்துவிடுகிறார்கள். நான் பார்த்த கீறல்களில் பெரும்பாலானவை அப்படித்தான் வந்தன.

1. முதலில் தண்ணீரின் கணக்கு

உங்கள் குழாய் எவ்வளவு நீரைக் கொட்டுகிறது என்பதை ஒருமுறையாவது அளந்து பாருங்கள். பத்து லீற்றர் வாளியைக் குழாயின் கீழ் வைத்து, அது நிரம்ப எத்தனை விநாடிகள் செல்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் 40 விநாடிகள் சென்றன. அப்படியானால் நிமிடத்துக்கு 15 லீற்றர். பத்து நிமிடம் திறந்திருந்தால் 150 லீற்றர்.

இங்கே சொல்லப்போகும் முறையில் ஊறவைக்க 2 லீற்றர், துடைக்க 8 லீற்றர், முடிவில் துணிகளைக் கழுவ 5 லீற்றர் செல்லும். மொத்தம் 15 லீற்றர், அதாவது அந்தக் குழாய் ஒரே நிமிடத்தில் கொட்டும் அளவு. இது சிறிய காருக்கான கணக்கு. வானுக்கு இதைப்போல் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய் நீரை வாகனம் கழுவப் பயன்படுத்த வேண்டாம் என்று நீர் வழங்கல் சபை அறிவித்திருக்கும் நாள்களில், அதில் ஒரு வாளிகூட எடுக்கக் கூடாது. நமக்கு வரும் குழாய் நீர் கந்தளாய்க் குளத்தில் எடுத்துச் சுத்திகரிக்கப்படுவது. அதே குளத்தை வயல்களும் நம்பியிருக்கின்றன. விநியோகம் எப்போது தடைப்படும் என்பதை 1939 என்ற இலக்கத்தில் கேட்டறியலாம். பவுசரில் வரும் நீர் குடிக்கவும் சமைக்கவும் உரியது. அதை எந்தக் காரணத்துக்காகவும் காருக்கு எடுக்க வேண்டாம்.

2. எந்த நீர் காருக்கு ஏற்றது

எஞ்சியிருப்பவை கிணற்று நீர், சேமித்த மழைநீர், ஏசியிலிருந்து வடியும் நீர் ஆகியவை. இவை மூன்றும் ஒன்றல்ல என்பதனால், துணியைத் தொடுவதற்கு முன்பே நீரைச் சோதிக்க வேண்டும்.

சோதனை எளியது. காரின் பின்பக்கக் கண்ணாடியில், அல்லது வீட்டிலுள்ள ஒரு முகக்கண்ணாடியில், ஒவ்வொரு நீரிலிருந்தும் ஒரு தேக்கரண்டி விட்டு வெயிலில் காய விடுங்கள். ஏசி நீர் காய்ந்த இடத்தில் அநேகமாக எதுவும் இராது, ஏனெனில் அது காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து சொட்டுவது. அதில் தாதுக்கள் இல்லை. கிணற்று நீர் காய்ந்த இடத்தில் வெள்ளை வளையம் தெரியும். அந்த வளையத்தை ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். உடனே கரைந்து போனால் அது பெரும்பாலும் உப்பு. போக மறுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் சுண்ணாம்பு.

சுண்ணாம்பு மட்டும் உள்ள கிணற்று நீரால் கழுவலாம், ஆனால் எந்த இடத்திலும் தானாகக் காயவிடக் கூடாது. உப்புள்ள கிணற்று நீரை வாகனத்தின் எந்தப் பகுதிக்கும் பயன்படுத்த வேண்டாம், சில்லுகளுக்குக்கூட வேண்டாம். கடலுக்கு அண்மையிலுள்ள கிணறுகளில் வரட்சி முதிர முதிர நன்னீர் மட்டம் தாழ்ந்து உவர் ஏறும். மார்ச் மாதத்தில் நன்றாயிருந்த கிணறு ஓகஸ்டிலும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடாமல், ஒவ்வொரு பருவத்திலும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

வீட்டிலுள்ள ஆர்ஓ வடிகட்டியிலிருந்து வெளியேறும் கழிவு நீரைச் சிலர் காருக்கென்று சேமிக்கிறார்கள். நல்ல எண்ணந்தான், ஆனால் வடிகட்டி பிரித்துத் தள்ளிய தாதுக்கள் எல்லாம் அந்த நீரில்தான் செறிந்திருக்கின்றன. அதைக் காரின் மேற்பூச்சில் விடக் கூடாது. உடுப்பு அலசிய நீர் கால்விரிப்புகளுக்குப் போதும்.

ஏசி நீரைப் பிடிக்க வெளிக்குழாயின் கீழ் ஒரு கலனை வைத்தாலே போதும். இங்குள்ள ஈரப்பதத்தில், இரவு முழுவதும் ஓடும் ஒரு படுக்கையறை ஏசியிலிருந்து எங்களுக்கு ஏழெட்டு லீற்றர் கிடைக்கிறது. சேமிக்கும் நீர் எதுவாயினும் இறுக்கமான மூடி போட்டு, ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். மூடாத வாளியில் டெங்கு நுளம்பு முட்டையிட்டுப் பெருக அவ்வளவு நாள்களே போதும்.

3. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

வேலையின் நடுவில் எழுந்து போய் எதையும் தேடக் கூடாது, ஏனெனில் நீங்கள் தேடும் நேரத்தில் ஈரம் காய்ந்து புள்ளி விழும். எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் அடுக்கிய பின்னரே தொடங்குங்கள்.

பத்து லீற்றர் வாளி ஒன்றும், இரண்டு லீற்றர் கொள்ளும் கைப்பம்புத் தெளிப்பான் ஒன்றும் வேண்டும். தெளிப்பான் புதியதாக இருக்கட்டும். பயிருக்கு மருந்தடித்ததை எவ்வளவு கழுவினாலும் உள்ளே எச்சம் இருக்கும்.

நாற்பது சென்ரிமீற்றர் சதுரமான மைக்ரோஃபைபர் துணிகள் பத்து வேண்டும். ஆறு துடைக்க, இரண்டு உலர்த்த, ஒன்று கண்ணாடிக்கு, பழையது ஒன்று சில்லுகளுக்கு. சில்லுத் துணி வேறு நிறத்தில் இருப்பது அவசியம். ஒருமுறை கலந்துபோனால் எது எதுவென்று கண்டுபிடிக்க முடியாது. புதுத் துணிகளில் ஓரத்தில் தைத்திருக்கும் பெயர்ச்சீட்டை வெட்டிவிடுங்கள், அதுவும் கீறும். பழைய சாரம், பெனியன் ஆகியவை பொருந்தா. அவற்றின் நெசவு தட்டையானது. மண் துகள் மேலேயே நின்று உரசும். மைக்ரோஃபைபரின் இழைகளுக்கிடையே அந்தத் துகள் உள்ளே இறங்கிக்கொள்ள இடமிருக்கிறது.

அடுத்தது திரவம். நீரால் அலசத் தேவையில்லாத கார் கழுவும் திரவம் என்றே ஒரு வகை விற்பனையில் உண்டு. வாகன உதிரிப்பாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் இணையத்தில் வரவழைக்கலாம். இத்தகைய திரவங்கள் பலவற்றுக்கு 1-க்கு 256 என்ற விகிதம் சொல்லப்பட்டிருக்கும். அதன்படி 8 லீற்றர் நீருக்கு ஏறத்தாழ 31 மில்லிலீற்றர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. போத்தலில் வேறு விகிதம் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கொஞ்சம் கூட ஊற்றினால் இன்னும் சுத்தமாகும் என்று நினைப்பது தவறு. காய்ந்த பின் பட்டை பட்டையாகப் படலம் தெரியும்.

பாத்திரம் கழுவும் திரவத்தையும் சலவைத் தூளையும் தொடவே வேண்டாம். அவை பூச்சின் மேலுள்ள மெழுகை அகற்றிவிடுகின்றன என்பது ஒரு காரணம். நமக்கு அதைவிட முக்கியமான காரணம், அவற்றின் நுரையைப் போக்க வாளி வாளியாகத் தண்ணீர் வேண்டும் என்பது. நுரை எவ்வளவு எழுகிறதோ அவ்வளவு நீர் செலவாகும்.

இவற்றோடு ஓர் அங்குல அகலமுள்ள மென்மையான தூரிகை ஒன்றும், இரண்டு மூன்று ஈர்க்குகளும் எடுத்து வையுங்கள். ஈர்க்கு எதற்கென்று எட்டாம் பகுதியில் சொல்கிறேன்.

4. நேரமும் இடமும்

காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். அந்த நேரத்தில் தகரம் குளிர்ந்திருக்கும், கச்சானும் இன்னும் வலுத்திராது. பொனெற்றின் மீது புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் தெளித்த நீர் ஊறுவதற்கு முன்பே ஆவியாகிவிடும். காரை எங்காவது ஓட்டி வந்திருந்தால் ஒரு மணி நேரமாவது நிற்க விடுங்கள்.

விடியற்காலையில் காரின் மேல் பனி படிந்திருப்பதைக் கண்டு, இலவசமாக ஈரம் கிடைத்தது என்று அப்படியே துடைக்கத் தொடங்குபவர்கள் உண்டு. பனி தூசியின் மேற்பரப்பை மட்டும் நனைக்கிறது. அடியில் மணல் உலர்ந்தபடியே பூச்சோடு ஒட்டியிருக்கும். ஈரம் தெரிவதனால் ஊறிவிட்டது என்று கொள்ள முடியாது.

காகம் கூடும் மாமரத்தின் கீழும் வேம்பின் கீழும் நிறுத்தாதீர்கள். கிணற்றிலிருந்தும் தள்ளி நில்லுங்கள். சில்லுகளிலிருந்து வரும் இரும்புத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் மணல் தரையில் எளிதாக இறங்கிக் கிணற்றைச் சேரும்.

5. தண்ணீர் தொடாத வேலைகள்

கால்விரிப்புகளை வெளியே எடுத்துக் காற்று வீசும் திசையில், காருக்கு அப்பால் நின்று தட்டுங்கள். உட்புறத்தைப் பெருக்குங்கள். இவற்றைப் பின்னுக்கு வைத்தால் துடைத்து முடித்த கதவுகளின் மேல் அந்த மண் திரும்ப விழும்.

முன்கண்ணாடியின் அடியில் வைப்பர் தண்டுகளைச் சுற்றிச் சேர்ந்திருக்கும் இலைகளைக் கையால் பொறுக்குங்கள். வேப்பிலை அங்கே உக்கி நீர் வடியும் துளையை அடைத்துவிடும். வாடைக்காற்றுக் கால மழையில் காரின் உள்ளே தண்ணீர் வருகிறது என்று முறையிடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

இறகுத் தூசிதட்டியால் மேற்பூச்சைத் தட்ட வேண்டாம். உலர்ந்த துணியாலும் வேண்டாம். இந்தக் கட்டத்தில் பூச்சை எதுவும் தொடக் கூடாது.

6. ஊறவைத்தல்

முழு முறையிலும் இந்தப் படியே முதன்மையானது. இதில் அவசரப்பட்டால் பின்னர் எவ்வளவு கவனமாகத் துடைத்தாலும் பயனில்லை.

காரணத்தை விளங்கிக்கொள்ள ஓர் அளவைச் சொல்கிறேன். நிறத்துக்கு மேலேயுள்ள ஒளிபுகும் பூச்சு பொதுவாக 40 அல்லது 50 மைக்ரோன் தடிப்பே உள்ளது, அதாவது தலைமயிர் ஒன்றைவிட மெல்லியது. நம் கடற்கரை மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் அந்தப் பூச்சைவிட மிகக் கடினமானது. புல்மோட்டைப் பக்கம் போய் வந்த காரில் கரிய கனிம மணலும் ஒட்டியிருக்கக்கூடும். அதிலுள்ள சிர்க்கன் குவார்ட்ஸையும் விடக் கடினமானது. இத்தகைய துகளைத் துணிக்கும் பூச்சுக்கும் இடையில் வைத்து இழுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தெளிப்பானில் இரண்டு லீற்றர் நீரும் அதே விகிதத்தில் திரவமும் கலந்து எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு லீற்றருக்கு 8 மில்லிலீற்றர் போதும். காரின் ஒரு பக்கத்தை மட்டும் முதலில் நனையுங்கள். முழுக் காரையும் ஒரே தடவையில் நனைத்தால், நீங்கள் மறுபக்கத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அது காய்ந்துவிடும்.

தெளிக்கும் வரிசை துடைக்கும் வரிசைக்கு நேரெதிரானது. முதலில் கதவின் அடிப்பகுதி, சில்லுக்குப் பின்னாலுள்ள பகுதி, பின் பம்பர். அங்கேதான் அழுக்கு அதிகம் என்பதனால் அதிக நேரம் ஊற வேண்டும். பிறகு கதவின் மேற்பகுதி, கடைசியாகக் கூரை. கூரையிலிருந்து வழியும் நீர் ஏற்கனவே ஊறிக்கொண்டிருக்கும் கதவை மீண்டும் நனைக்கும். ஒரே துளி இரண்டு இடங்களில் வேலை செய்கிறது.

இப்போது இரண்டு மூன்று நிமிடங்கள் சும்மா நின்று கதவைப் பாருங்கள். முதலில் துளிகள் அசையாமல் நிற்கும். சிறிது நேரத்தில் உப்புப் படலம் கரைந்து அவை ஒன்றோடொன்று சேர்ந்து, செம்மண் நிறத்தில் மெல்லிய கோடுகளாகக் கீழிறங்கும். கிறவல் வீதியில் ஓடிய காரில் அந்தக் கோடு தேநீரின் நிறத்தில் இருக்கும். இரண்டாம் முறை தெளிக்கும்போது கோட்டின் நிறம் வெளுத்தால் துடைக்கலாம். வெளுக்கவில்லையென்றால் மூன்றாம் முறையும் தெளியுங்கள்.

தம்பலகாமத்து வயல் வீதியில் போய்ச் சேறு அப்பிய காருக்கு இந்த முறை ஏற்றதல்ல. கட்டியாகக் காய்ந்த சேற்றை இரண்டு லீற்றர் நீர் பெயர்க்காது. அதைச் சேர்விஸ் நிலையத்தில் அழுத்த நீரால் கழுவித்தான் ஆக வேண்டும்.

7. காக எச்சமும் மரப்பிசினும்

எச்சத்தின் மேல் நனைந்த துணித்துண்டு ஒன்றை ஐந்து நிமிடம் போட்டு வைத்து, பின் அழுத்தாமல் மேல்நோக்கி எடுத்துவிடுங்கள். அதில் அமிலமும் உண்டு, மணலும் உண்டு. தேய்த்தால் இரண்டும் சேர்ந்து கெடுக்கும். முழுக் காரையும் கழுவத் தண்ணீர் இல்லாத வாரத்திலும் இதை மட்டும் அன்றன்றே ஒரு கோப்பை நீரால் செய்துவிடுங்கள். நம் வெயிலில் ஒரு பகல் கிடந்தாலே பூச்சில் தடம் பதிந்துவிடும்.

மரப்பிசினை, காரைக் கழுவி முடித்த பிறகு, சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுத்து, உடனே ஈரத்துணியால் துடையுங்கள்.

8. துடைத்தல்

வாளியில் 8 லீற்றர் நீரும் திரவமும் கலந்து, துடைக்கும் துணிகள் ஆறையும் அதற்குள் போட்டுவிடுங்கள். இங்கே மாற்ற முடியாத விதி ஒன்று உண்டு: வாளியை விட்டு வெளியே வந்து காரைத் தொட்ட துணி மீண்டும் வாளிக்குள் போகக் கூடாது. இந்த விதியைக் காத்தால் கடைசித் துணிவரை வாளி நீர் தெளிவாக இருக்கும், அலச இன்னொரு வாளியும் தேவைப்படாது. ஆறு துணிகள் கேட்டதன் காரணம் இதுதான்.

ஒரு துணியை எடுத்து, சொட்டுவது நிற்கும் அளவுக்கு மட்டும் லேசாகப் பிழியுங்கள். முறுக்கிப் பிழிந்தால் பூச்சின் மேல் வழுக்கிச் செல்லத் தேவையான நீர் போய்விடும். துணியை இருமுறை மடித்தால் உள்ளங்கை அளவுக்குச் சற்றுப் பெரிதான சதுரம் கிடைக்கும். திருப்பியும் பிரித்தும் மடித்தால் அதில் எட்டு முகங்கள் உண்டு. ஒரு முகத்தால் ஒரு நீண்ட இழுப்பு, பிறகு அடுத்த முகம். எட்டும் அழுக்கானதும் அந்தத் துணியை ஒதுக்கிவிட்டுப் புதியதை எடுங்கள்.

கூரை, கண்ணாடிகளின் வெளிப்புறம், பொனெற், டிக்கி, கதவுகளின் மேற்பாதி, கதவுகளின் கீழ்ப்பாதி, பம்பர்கள் என்ற வரிசையை மாற்றாதீர்கள். கீழே தொட்ட துணியோடு மேலே போனால், அடியிலிருந்த மணலைக் கூரைக்கு ஏற்றியதாகும். என் கணக்கில் கூரைக்கும் கண்ணாடிகளுக்கும் ஒன்று, பொனெற்றுக்கும் டிக்கிக்கும் ஒன்று, கதவுகளின் மேற்பாதிக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, கீழ்ப்பாதிக்கும் பம்பர்களுக்கும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு.

காரின் நீளவாக்கில் நேராக இழுங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம். தப்பித் தவறி ஒரு துகள் இருந்து கீறினாலும், நேர்க்கோட்டுக் கீறல் ஒரு கோணத்தில் மட்டுமே தெரியும். வட்டக் கீறல் எந்தப் பக்கம் நின்றாலும் தெரியும். துணியின் எடையும் விரல்களின் எடையும் போதும், கையை ஊன்றக் கூடாது. சரசரவென்று ஒலி கேட்டால் அந்த இடத்திலேயே துணியைத் தூக்குங்கள். தெளிப்பானால் நனைத்து, ஒரு நிமிடம் காத்திருந்து, புதிய முகத்தால் தொடருங்கள்.

என் மருமகன் முதன்முறை தன் காரைத் துடைத்தபோது ஊறவைக்காமல், ஒரேயொரு துணியால், வாளியில் முக்கி முக்கித் துடைத்திருந்தான். பின்னேர வெயிலில் பொனெற்றைக் காட்டி, "மாமா, தூசு போயிட்டுது, ஆனா இதில வட்டம் வட்டமா என்னவோ தெரியுது" என்றான். வாளியை மெல்லச் சரித்து அடியைக் காட்டினேன். விரல்நுனி அளவுக்கு மணல் படிந்திருந்தது. அவ்வளவையும் அவன் திரும்பத் திரும்பத் துணியில் எடுத்துக் காரிலேயே தேய்த்திருக்கிறான். நீங்களும் துடைத்து முடித்ததும், சில்லுகளுக்குப் போகுமுன், வாளியின் அடியைப் பாருங்கள். அங்கே மணல் இருந்தால் எங்கோ விதி தவறியிருக்கிறது.

துணி தரையில் விழுந்தால், எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும், அன்றைக்கு அதைத் திரும்ப எடுக்காதீர்கள்.

ஒவ்வொரு பகுதியையும் துடைத்த உடனேயே, அடுத்ததற்குப் போகுமுன், உலர்த்தும் துணியால் ஒற்றி இழுங்கள். கிணற்று நீர் என்றால் இதில் ஒரு நிமிடத் தாமதமும் கூடாது. கூரையிலும் பொனெற்றிலும் மட்டும், ஏசி நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கடைசியாக ஒருமுறை இழுத்துவிட்டால் வளையம் விழாது. ஏற்கனவே சுண்ணாம்புப் புள்ளி பிடித்திருந்தால், வெள்ளை வினாகிரியோடு அதே அளவு நீர் கலந்து தொட்டு, ஒரு நிமிடத்துக்குள் ஈரத்துணியால் துடைத்து அகற்றுங்கள்.

கதவுகளைத் திறந்து ஓரங்களையும் ரப்பர் பட்டிகளையும் துடையுங்கள். கதவின் அடிவிளிம்பில் சிறு நீள்துளைகள் இருக்கும். கண்ணாடி வழியே உள்ளே இறங்கும் நீர் அவற்றின் வழியாகத்தான் வெளியேறும். ஈர்க்கால் அவற்றைக் கிளறிவிடுங்கள். உப்பும் மண்ணும் சேர்ந்து அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கத் தொடங்கும். வெளியே தெரியும்போது தகரம் ஓட்டையாகியிருக்கும்.

அலசத் தேவையில்லாத திரவம் கிடைக்காதவர்கள் சாதாரண கார் ஷாம்புவை வைத்தும் செய்யலாம். ஒரு வாளியில் ஐந்து லீற்றர் நீருக்கு ஒரு தேக்கரண்டி ஷாம்பு, இன்னொரு வாளியில் வெறும் நீர் பத்து லீற்றர். துடைத்த ஒவ்வொரு பகுதியையும் வெறும் நீரில் நனைத்த தனித் துணியால் இருமுறை துடைக்க வேண்டும். துணிகள் இன்னும் நான்கு வேண்டும், மற்ற எல்லாம் அதேதான்.

9. சில்லுகளும் அடிப்பகுதியும்

சில்லுகளை முதலில் கழுவ வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. குழாய் நீர் தாராளமாக இருக்கும்போது அது சரி. ஒரு வாளி மட்டுமே உள்ள நமக்குச் சில்லுகள் கடைசி. ஆறு துணிகளும் எடுத்தது போக வாளியில் மிஞ்சும் நீர் சில்லுகளுக்குத் தாராளமாகக் காணும்.

பழைய துணியாலும் தூரிகையாலும் மட்டும் தொடுங்கள். சில்லில் ஒட்டியிருக்கும் கரிய தூள், பிரேக் தேய்வதால் வரும் இரும்பு, அது கூர்மையானது. முடித்த பின் காரை வாசல்வரை ஓட்டி இரண்டு மூன்று தடவை மெதுவாகப் பிரேக் பிடியுங்கள், தட்டில் நின்ற ஈரம் காய்ந்துவிடும்.

அடிப்பகுதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள், கண்ணுக்குத் தெரியாததால். காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டும்போது உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையும். நம் கடலோர இரவுகளில் அது அடிக்கடி நிகழ்வது. எனவே நிறுத்தி வைத்த கார்கூட அடியில் ஈரமாகவே இருந்து துருப்பிடிக்கிறது. ஈரமான கடற்கரை மணலில் ஓட்டிவிட்டு வந்தீர்களானால், கையில் ஐந்து லீற்றர் நல்ல நீர் மட்டுமே இருந்தாலும் அதை மேலே செலவிடாதீர்கள். தெளிப்பானால் சில்லு வளைவின் உட்புறத்துக்கும் கதவுக்குக் கீழுள்ள விளிம்புக்கும் அன்றிரவே அடியுங்கள். மேலே படிந்த தூசி இரண்டு வாரம் காத்திருக்கும், அடியில் உள்ள உப்பு காத்திராது.

10. துணிகளைக் கழுவுதல்

ஐந்து லீற்றர் நீரில் சிறிது திரவச் சோப்பு விட்டு, மேலே துடைத்தவற்றை முதலில், கீழே துடைத்தவற்றைப் பிறகு, சில்லுத் துணியைக் கடைசியில் தனியாகக் கழுவுங்கள். உடுப்பை மென்மையாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம். அது இழைகளில் படிந்து நீர் உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். நிழலில், மண் பறக்காத இடத்தில் கொடியில் உலர்த்தி, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். வேலியில் போட்டால் முள்ளும் தூசியும் ஏறும்.

கழுவிய நீரைக் கிணற்றடியிலும் கீரைப் பாத்தியிலும் ஊற்றாமல், வளவின் வேறு மூலையில் ஊற்றுங்கள்.

11. இரண்டு கழுவல்களுக்கு இடையில்

வரட்சிக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுமையாகக் கழுவினால் போதும். இடையில் முன்கண்ணாடி, விளக்குகள், பக்கக் கண்ணாடிகள் ஆகியவற்றை மட்டும் ஒரு லீற்றர் நீரால் சுத்தம் செய்யுங்கள். அவை அழகுக்காக அல்ல, எதிரே வருபவர் உங்களுக்குத் தெரிவதற்காக.

வரட்சி தொடங்குமுன் ஏப்ரலில் ஒருமுறை மெழுகு பூசிவிட்டால் தூசி அவ்வளவாக ஒட்டாது, ஊறவைத்ததும் எளிதில் வழுக்கி விழும். நம் வெயிலில் அது ஒன்றரை, இரண்டு மாதம் தாங்கும். கூரையில் சிறிது நீர் தெளித்துப் பாருங்கள். மணி மணியாக உருண்டால் மெழுகு இருக்கிறது. விரிந்து படிந்தால் அடுத்த கழுவலுக்குப் பின் மீண்டும் பூச வேண்டும்.

துணி உறை போட்டு மூடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூசி படிந்த காரின் மேல் உறையைப் போட்டால், கச்சான் அந்த உறையை நாள் முழுவதும் அசைத்து அசைத்துத் தூசியைப் பூச்சில் தேய்க்கும். கழுவி, கதவோரங்கள்வரை நன்றாக உலர்ந்த பிறகே உறை போடுங்கள். போடுமுன் அதன் உட்புறத்தை மறுபுறமாகத் திருப்பி உதறிவிடுங்கள்.